பின் சீட்டின் இடப்பக்கம்

வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் காரின் சக்கரங்களைக் கழற்றிக் கண்மாயில் போடுவோம். இதைச் சொன்னால் இன்றைக்கு இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். காருக்கு என்ன தீபாவளி முழுக்கா என்று கேட்கிறார்கள். அந்தக் காரின் ஆரக்கால்கள் மரத்தால் ஆனவை. அமெரிக்காவில் எந்தக் காட்டில் வளர்ந்த மரமோ, எங்கள் சீமை வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரை பிறந்தால் காய்ந்து சுருங்கி, வண்டி நகரும்போது கிறீச் கிறீச்சென்று அழும். ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் மரம் உப்பி இறுகிவிடும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். அதைக் காருக்கும் செய்யலாம் என்று முதலில் சொன்னது நான் இல்லை, என் அக்கா.

எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்தது. செத்துக் கிடந்த காரை ஓட வைத்தவன் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரில் பாதி அவளுடையது. ஆனால் அவள் அந்தக் காரில் ஏறி ஒரு மைல்கூடப் போனதில்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

இலுப்பூருக்குக் கிழக்கே இரண்டு மைலில் எங்கள் ஊர். கொஞ்சம் நிலம் இருந்தது. இலுப்பூரில் ஒரு கடலை மண்டி வைத்திருந்தேன். அவ்வளவு உள்ளவனுக்குக் கார் எதற்கு என்று நியாயமாகக் கேட்க வேண்டும். என் மனைவி கேட்கவும் கேட்டாள். பதில் கிடையாது. சிலருக்குச் சேவல் கிறுக்கு, சிலருக்கு நாடகக் கிறுக்கு, எனக்கு இது.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்னால், தெற்கே திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் கடலை விஷயமாகப் போயிருந்தேன். அங்கே மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் அது கிடந்தது. மேல்மூடி கிழிந்த, நாலு கதவு அமெரிக்கக் கார். பின் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு ஆண்கள் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்துப் புதுக் கார் வாங்கிவிட்டார்கள். "இது கெடந்து மக்குது. வேணுமின்னா இழுத்துட்டுப் போங்க" என்றார் கணக்குப்பிள்ளை. கோழி குஞ்சு பொரிக்கும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி இரண்டு நாளில் இழுத்து வந்தேன். ஊர் எல்லையில் ஒருவர், "மோட்டாருக்கு இருவது குதிரை சத்தியாம்பாங்க, ஒங்களுக்கு ரெண்டு மாட்டு சத்திதானா?" என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மட்கார்டில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். "இம்புட்டு இரும்பையும் ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான் பாரு" என்றாள்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். கொடும்பாளூருக்குப் பக்கத்து ஊரில் பதினாறு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். பதினெட்டில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தவள் அதன் பிறகு எங்கேயும் போகவில்லை. நல்ல காரியங்களுக்கு யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் அவள் போக மாட்டாள். கடலை புடைப்பாள், மாடு பார்ப்பாள், என் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

காரோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்தது. உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் படம் போட்டிருந்தது. எனக்கு எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும், அக்காவுக்குப் படம் தெரியும். நான் ஒரு வரிக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது அவள், "இந்தா, இது இதுக்குள்ள போகுது. இந்தச் சுருள்கம்பி இதுக்கு மேல" என்று எடுத்து வைத்துவிடுவாள். கழற்றிய மரை, திருகாணிகளைக் கொட்டாங்கச்சிகளில் வகை பிரித்து, எது எங்கிருந்து வந்தது என்று அடையாளம் தெரிய, பக்கத்தில் ஒரு கரிக்கோடு போட்டு வைப்பாள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டாலும் சரியான கொட்டாங்கச்சியை எடுத்து நீட்டுவாள்.

உளுத்துப்போன இரண்டு ஆரக்கால்களுக்குப் பதிலாக வண்டி செய்கிற ஆசாரி கருவேல மரத்தில் செய்து கொடுத்தார். காற்றாடியைச் சுற்றும் பட்டையைத் தோலில் தைத்துக்கொண்டோம். மேல்மூடிக்குக் கித்தான் வாங்கி வந்து போட்டேன். கோணி ஊசியும் மெழுகு நூலுமாக அக்கா இருபது நாள் தைத்தாள். மழையில் ஒரு சொட்டு உள்ளே இறங்கியதில்லை. ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஈயப் பற்று வைத்தும் நிற்கவில்லை. மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினால் பொடி ஓட்டைகள் அடைபட்டுவிடும் என்று ஒரு லாரிக்காரர் சொன்னார். அக்கா அம்மியில் மஞ்சளை அரைத்து, கரைத்து ஊற்றிக்கொண்டே, "எனக்குத்தான் இல்லைன்னு ஆச்சு. ஒன் வண்டியாவது மஞ்சக் குளிக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒழுக்கு நின்றுவிட்டது.

எஞ்சின் உயிர் பெற்றது ஒரு ஐப்பசி மாதக் காலையில். ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. படபடவென்று பிடித்துக்கொண்டதும் கோழிகள் கூரைக்குப் பறந்தன. நான் குதித்தேன். அக்கா மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நாலுல ஒண்ணு பேசலையே தம்பி" என்றாள். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் பிளக் வேலை செய்யவில்லை. அந்தக் காது எனக்குக் கடைசி வரைக்கும் வாய்க்கவில்லை.

அன்று வெள்ளோட்டம். மனைவியை ஏற்றினேன், பிள்ளைகளை ஏற்றினேன், தெருவில் நின்ற பாதிப் பேரை ஏற்றினேன். அக்காவைக் கூப்பிட்டபோது, "மொதல்ல சுமங்கலிக போகட்டும். நான் என்ன ஓடியா போறேன்" என்று ஒதுங்கிக்கொண்டாள். மாலையில் கேட்டேன், உனக்கு எங்கே போக வேண்டும் என்று. யோசிக்கவே இல்லை.

"கொடும்பாளூருக்குப் போவோம். அங்கிட்டு மூவர் கோயில்னு இருக்குல்ல, மூணுல ரெண்டு கோபுரந்தான் நிக்கிது. கல்யாணமான புதுசுல ஒங்க அத்தான் கூட்டிப்போனாரு. ஒரு பகல் பூரா அந்தப் புல்லுல ஒக்காந்திருந்தோம். அத ஒரு தரம் பாக்கணும்."

"நாளைக்கே போவோம்" என்றேன். மறுநாள் மண்டியில் சரக்கு வந்துவிட்டது. அதற்கு மறுநாள் டயர் ஒன்று காற்று இறங்கியது. போகலாம் போகலாம் என்று ஆறு நாள் போயிற்று.

ஏழாவது நாள் பக்கத்து ஊர்ப் பெரிய விவசாயி ஒருவர் இரண்டு பெரியவர்களோடு வந்தார். மகனுக்குக் கல்யாணம், பெண் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் வேண்டும் என்றார். வாடகைக்கு விடும் பழக்கம் எனக்கு இல்லை, சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். கூட வந்த பெரியவர் ஒருவர் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. நல்ல காரியத்துக்குக் கேக்குறோம். இதுல யாரு யாரு ஏறியிருக்காகளோ..."

முடிக்கவில்லை. எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அப்படியானால் வேறு வண்டி பாருங்கள் என்று சொல்லியிருந்தால் என் தலையா போயிருக்கும்? ஆனால் முதன்முதலாக என் காரைக் கேட்டு ஊர்விட்டு ஊர் வந்திருக்கிறார்கள். வாய் என்னை முந்திக்கொண்டது.

"அந்தக் கவலையே வேண்டாங்க. எங்க அக்கா இந்த வீட்லதான் இருக்கு. வண்டியப் பூட்டுனதுல பாதி அது கைதான். ஆனா இன்னைக்கு வரைக்கும் இதுக்குள்ள கால வச்சதில்லீங்க."

கொட்டகைக்குப் பின்னால் முறத்தில் கடலை புடைக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. வந்தவர்கள் திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள்.

அன்று சாப்பாடு போடும்போது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இந்தக் கல்யாணம் முடியட்டும் அக்கா, கொடும்பாளூர் போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

"இனி எதுக்குப்பா? ஊருக்குள்ள ஒரு சொல்லு சொல்லிட்ட. அது நிக்கட்டும்" என்றாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அந்தச் சொல் நிற்கத்தான் செய்தது. என் காருக்கு அதுவே நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிட்டது. "அந்த வீட்டு அக்காகூடக் கால் வைக்காத வண்டி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். முகூர்த்த நாளென்றால் எங்கள் வாசலில் ஆள் நிற்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னாலும் அக்காதான் காரைத் துடைப்பாள். பித்தளை விளக்குகளைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பாள். உள்ளே துடைக்க வேண்டியிருந்தால் தரையில் நின்றபடியே கதவின் மேல் வயிற்றைச் சாய்த்து, கை எட்டுகிற மட்டும் துடைத்துவிட்டு, மறுபக்கம் சுற்றி வந்து மீதியைத் துடைப்பாள். கால் மண்ணை விட்டு எழும்பாது. நான் அதைப் பார்த்துக்கொண்டு எதிரில் நின்று கார்பரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே திருகினேன்.

பிறகு சண்டை வந்தது. பெட்ரோலுக்குச் சீட்டு என்றார்கள். அதுவும் என்னைப் போன்ற கிறுக்கர்களுக்குக் கொடுப்பார்களா? பஸ்கள் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்துகொண்டு போயின. டயர் கண்ணில் காணாத பொருள் ஆயிற்று. இருக்கிற டயரையாவது காப்பாற்றுவோம் என்று காரை நாலு பனங்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தினேன். சக்கரங்களைக் கழற்றி உத்தரத்தில் தொங்கவிட்டேன். சீமைச்சுண்ணாம்புத் தூள் தடவி டியூப்களைப் பெட்டியில் வைத்தேன். சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி மூடினேன். முதல் வருஷம் வாரம் ஒருமுறை ஹாண்டிலைச் சுற்றிவிட்டு வருவேன். பிறகு அதுவும் விட்டுப்போயிற்று. ஓடாத காரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. விடிந்தால் மண்டி, அடைந்தால் வீடு என்று நாலு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கொட்டகையைப் பெருக்கித் தூசி தட்டியதெல்லாம் அக்காதான்.

சண்டை முடிந்து, எப்படியோ நாலு டயர் தேடிப் பிடித்து, மறுபடி வேலையைத் தொடங்கினேன். வால்வுகளைத் தேய்த்தோம். பிஸ்டன்களில் கரி சுரண்டினோம். சக்கரங்கள் கண்மாய்க்குப் போயின. அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. ஆனால் கொட்டாங்கச்சிகள் வரிசை மாறவில்லை.

அப்போதுதான் பின் சீட்டைக் கவனித்தேன். இடப்பக்கம் ஒரு பள்ளம். ஒரு முழ அகலத்துக்குப் பஞ்சு அமுங்கி, மேல்தோல் சுருங்கிக் கிடந்தது. வலப்பக்கம் அப்படியே இருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "எந்தக் கழுதை இதுல ஏறி ஆட்டம் போட்டது?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். என் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரித்தேன். அவர்கள் மிரண்டுபோய் நாங்கள் இல்லை, நாங்கள் இல்லை என்றார்கள். நம்பவில்லை. ஆளுக்கு இரண்டு போட்டேன்.

அக்கா நடுவில் வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டாள். "அதுகள எதுக்கு அடிக்கிற? பஞ்சு அமுங்கிப்போச்சு, அம்புட்டுதான். இங்கிட்டு எறக்கி வையி, நான் அடைச்சுத் தாரேன்."

வேப்பமர நிழலில் சீட்டை இறக்கி வைத்தேன். தையலைப் பிரித்து, பழைய பஞ்சை ஒரு பிடி விடாமல் எடுத்தாள். தென்னை நாரை அடியில் அடுக்கி, மேலே புது இலவம்பஞ்சை அடைத்து, இரண்டு நாளில் தைத்து முடித்தாள். நான் கொத்தனார் மாதிரி மரப்பலகையைக் குறுக்கே வைத்துக் குனிந்து பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"இப்ப யாரு ஒக்காந்ததுன்னும் தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியவே தெரியாது" என்றேன். வேலையைப் பற்றிக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த தை மாதம் இலுப்பூர் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் கல்யாணம். பெரிய இடம். இரண்டு மாதம் முன்பே வந்து காரைக் கேட்டு என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. இரண்டு நாளாக வயிற்று வலியாம். வெளியில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு காரின் விளக்குகளைத் தேய்த்திருக்கிறாள். வைத்தியர் வந்து வயிற்றின் வலப்பக்கம் அழுத்திப் பார்த்தார். அவள் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "என் கையில இல்லை. ஒடனே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்.

ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. காரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த அக்கா, காரைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல வேண்டாம்பா. மாட்டு வண்டியக் கட்டு."

"பதினஞ்சு மைலு அக்கா. மாட்டு வண்டியில போனா உச்சி சாஞ்சுரும். இதுல ஒரு மணி நேரம்."

"நாளைக்கு அந்தப் புள்ள ஒக்கார்ற எடம். நான் ஒக்காந்து எறங்கின எடத்துல அது ஒக்காந்து, அப்புறம் அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? எனக்கு ஆச்சே பதினெட்டு வயசுல, அந்த மாதிரி? வேண்டாம்பா."

"யாருக்கும் தெரியாது அக்கா."

"எனக்குத் தெரியுமே."

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவள் அதை நம்பினாள். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக உண்மையிலேயே பயந்தாள். அவளைத் தூக்கி உள்ளே போட்டிருக்கலாம். எலும்பும் தோலுமாக இருந்தவளைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லையா? ஏன் செய்யவில்லை என்பதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வேண்டாம் என்றபோது, ஜவுளிக்கடைக்காரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிடலாம் என்று மனசின் ஓர் ஓரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஓரத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மாட்டு வண்டியைக் கட்டினோம். வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம். மனைவி கூட ஏறிக்கொண்டாள். நான் காரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே போனேன். வலி தாங்காமல் ஒரு மைலில் கூப்பிடுவாள், ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். மாட்டு நடைக்குக் காரை ஓட்டுவது என்றால் முதல் கியரை விட்டு மாற்ற முடியாது. பின் சீட்டு காலியாக இருந்தது. வண்டியின் பின்வாய் வழியாக அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவை துவண்டு ஆடின. அவள் கூப்பிடவில்லை.

மெதுவாக ஓட்டினால் பழைய கார்களுக்கு ரேடியேட்டர் கொதித்துவிடும். இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி மறுபடி வண்டியை எட்டிப் பிடித்தேன். அன்னவாசலுக்குப் பக்கத்தில் மூன்றாவது தடவை ஆவி பீறிட்டு, எஞ்சினே நின்றுவிட்டது. ரோட்டோரக் கிணற்றில் தண்ணீர் இறைத்து வைத்துக்கொண்டு நின்றேன். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும், ஆற விட்டுத்தான் ஊற்ற வேண்டும். அதனால் ஆற விட்டேன். மாட்டு வண்டி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. என் அக்கா அதில் போகிறாள், நான் எஞ்சின் வெடித்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அங்கே நிற்கும்போதுதான் அந்தப் புத்தி வந்தது. அவள் காரில் வராவிட்டால் என்ன, நான் முன்னால் பறந்து போய் டாக்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்திருக்கலாமே! புறப்படும்போதே செய்திருந்தால் இந்நேரம் டாக்டர் வந்திருப்பார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும். தண்ணீரை ஊற்றி, பைத்தியம் மாதிரி ஹாண்டிலைச் சுற்றிப் புறப்பட்டேன். ஒரு மைல் தாண்டி, புளியமரத்தடியில் வண்டி நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் கீழே இறங்கி மாடுகளின் கழுத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார்.

"தண்ணி கேட்டுச்சுங்க" என்றாள் என் மனைவி. "சொம்பச் சாய்ச்சேன். வாயத் தொறக்கலைங்க."

நான் காரின் பின்கதவைத் திறந்தேன். இனி யாருக்கு என்ன ஆனால் எனக்கென்ன, அவளை இதில்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று கத்தினேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. வழிநெடுக மதினி அதையேதான் சொல்லிக்கிட்டு வந்துச்சு. நாளைக்கு வண்டியத் தவறாம அனுப்பச் சொல்லுச்சு. அது சொன்னத மீறாதீங்க."

மாட்டு வண்டி திரும்பியது. நான் மறுபடியும் பின்னாலேயே வந்தேன்.

மறுநாள் காலையில், அக்காவை எடுப்பதற்கு முன்னால், ஜவுளிக்கடையிலிருந்து ஆள் வந்தார். பந்தலுக்கு வெளியே தெருவிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். "முதலாளி ரொம்ப வருத்தப்பட்டாக. வண்டி வேண்டாம்னு சொல்லச் சொன்னாக. தப்பா நெனைக்காதீங்க, எழவு வீட்டு வண்டி... குதிரை வண்டிக்குச் சொல்லியாச்சு."

காரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தேய்த்த விளக்குகள் பளபளவென்று இருந்தன. அந்த ஆளை அறைந்துவிடலாம் போல இருந்தது. அவர் என்ன செய்வார்? முதல் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் இந்த வழக்கத்துக்குத் தலையாட்டியவன் நான். தலையாட்டியதோடு விட்டேனா, அவளையே சாட்சியாக வைத்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் கொட்டகைக்குப் போய்க் காரின் படியில் உட்கார்ந்திருந்தேன். மனைவி காப்பி கொண்டுவந்தாள். "பத்து வருஷம் இதுக்கு உழைச்சா. ஒரு நாள், ஒரு நிமிஷம் இதுல ஒக்காரலை" என்று சொல்லி அழுதேன். வாய்விட்டுத்தான் அழுதேன்.

மனைவி காப்பியைப் படியில் வைத்தாள். "ஒக்காந்திருக்குங்க" என்றாள்.

சண்டைக் காலத்தில், கார் கட்டைகள் மேல் நின்றபோது, நான் மண்டிக்குப் போன பிறகு, மத்தியானச் சாப்பாடு முடித்து அக்கா கொட்டகைக்கு வருவாளாம். பின்கதவைத் திறந்து ஏறி, இடப்பக்கம் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாளாம். தினமும் அரைமணி நேரம். நாலு வருஷம். ஒருநாள் மனைவி பார்த்துவிட்டாள்.

"நான் பாத்ததும் கூச்சப்பட்டுக்கிட்டே, 'சக்கரம் இல்லாதது வண்டியா? இது வெறும் பெஞ்சு. ஓடாதப்ப ஒக்காந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாதுடி' அப்படின்னுச்சு. எங்கிட்டு மதினி போயிட்டு வாரீகன்னு சும்மா கேலிக்குக் கேட்டேன். கொடும்பாளூருக்குன்னுச்சு. எல்லாத்தையும் சொல்லுச்சு. எந்த எடத்துல கண்மாய் வரும், எங்கிட்டிருந்து பாத்தா ரெண்டு கோபுரமும் தெரியும்னு. ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. தம்பி சொன்ன சொல்லு பொய்யாயிரும்னுச்சு. சக்கரத்த மாட்டுனப்புறம் ஏறவே இல்லை. அந்தப் பழைய பஞ்சக்கூட ஒரு பிடி விடாம எடுத்து எரிச்சிருச்சுங்க, இனி ஒக்கார்ற புள்ளைகளுக்கு ஆகாதுன்னு."

மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். நான் எழுந்து பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறி, வலப்பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவள் இடம் இருந்தது. கையை வைத்து மெல்ல அழுத்தி, முன்னும் பின்னுமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.